டாக்டர் பட்டம் வாங்கி, புரோகிராம் எழுதப் போவதா?

கந்தர்வக்கோட்டை தகப்பனாரின் கேள்வியும், அதற்குக் கிடைத்த பதிலும்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது கந்தர்வக்கோட்டை. சுற்றிலும் செம்மண் பூமி. நிலக்கடலையும் முந்திரியும் விளையும் பூமி.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து இருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்தார்.

"தம்பி பத்திரிகைக்காரர்தானே? ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்றார்.

"தாராளமாகக் கேளுங்கள், ஐயா" என்றேன்.

"என் மகள் சென்னையில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பௌதிகத்தில் ஆராய்ச்சி. ஐந்து வருஷம் ஆகிறது. படித்து முடித்துக் காலேஜில் புரொபசர் ஆவாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்து இருக்கிறேன். இப்போது என்னடா என்றால், 'அப்பா, விஞ்ஞானிகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுக்கிற வேலைக்குப் போகப் போகிறேன்' என்கிறாள். கம்ப்யூட்டர் வேலைக்குப் போக இத்தனை வருஷம் எதற்கு, தம்பி? அவள் படிப்புக்காக முந்திரித் தோப்பை ஒத்தி வைத்தேன். அவ்வளவும் வீண்தானா?"

அவர் குரலில் கோபம் இல்லை. கவலைதான் இருந்தது.

இந்தக் கவலை அவர் ஒருவருக்கு மட்டும் உரியது அல்ல. இன்று பல வீடுகளில் இதே பேச்சுதான். பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்த பிள்ளைகள், அதை விட்டு மென்பொருள் வேலைக்குப் போகிறார்கள். 'சாப்ட்வேர்' என்று நாம் சொல்கிறோமே, அதுதான் மென்பொருள். அப்படிப் போனால், படித்த படிப்பு என்ன ஆகும்?

அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து, இங்கே வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

கஜா அடித்த இரவு

"ஐயா, கஜா புயல் அடித்தபோது எங்கே இருந்தீர்கள்?" என்று அவரைத் திருப்பிக் கேட்டேன்.

"வேறு எங்கே? இங்கேதான். அந்த இரவை மறக்க முடியுமா? விடிந்து பார்த்தால் தோப்பில் பாதி மரம் வேரோடு கிடந்தது" என்றார்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி. பொழுது விடியாத வேளை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. கடலோரத்தோடு அது நிற்கவில்லை. உள்நாட்டிலும் புகுந்தது. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னையும் முந்திரியும் தைல மரமும் சாய்ந்தன. மின்சாரக் கம்பங்கள் முறிந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன.

மரங்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் மனிதர்களில் பலரைக் காப்பாற்ற முடிந்தது. புயல் வருவதற்கு முன்பே, 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பத்திரமான இடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இன்ன நாளில், இன்ன இடத்தில் கரை கடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து இருந்ததுதான் அதற்குக் காரணம்.

1964-ம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு இருக்கிறோம். ஒரு ரெயிலே பயணிகளோடு கடலில் போயிற்று. ஊரே போயிற்று. கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் புயலின் பாதையைச் சொல்லும் வசதி அப்போது நம் நாட்டு வானிலைத் துறைக்கு இல்லை.

அந்தக் கணக்கு என்ன கணக்கு?

ஆறு மணி நேரத்துக்கு ஆறு வாரம்!

காற்று கண்டபடி அடிப்பதுபோல நமக்குத் தோன்றும். உண்மையில் அது சில விதிகளுக்குக் கட்டுப்பட்டே ஓடுகிறது. வெப்பம், அழுத்தம், ஈரம், பூமியின் சுழற்சி எல்லாம் அந்த விதிகளில் அடங்கும். இப்போது காற்று எப்படி இருக்கிறது என்று தெரிந்தால், நாளைக்கு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட்சன் என்ற விஞ்ஞானி இதை முதலில் கையாலேயே போட்டுப் பார்த்தார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, ஓய்வு நேரத்தில் கணக்குப் போட்டார். ஆறு மணி நேரத்து வானிலையைக் கணக்கிட ஆறு வாரம் ஆயிற்றாம்! விடையும் தவறாகப் போயிற்று. ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1922-ல் புத்தகமாகவே எழுதினார். 64 ஆயிரம் பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டால், வானிலையோடு போட்டி போட்டு ஓடலாம் என்று அதில் சொன்னார்.

64 ஆயிரம் பேரை எங்கே உட்கார வைப்பது? கம்ப்யூட்டர் வந்தது, அந்தக் கஷ்டம் தீர்ந்தது. 1950-ல் அமெரிக்காவில் 'எனியாக்' என்ற எந்திரத்தில் முதன்முதலாக இந்தக் கணக்கைப் போட்டார்கள். 24 மணி நேர வானிலையைக் கணக்கிட ஏறக்குறைய 24 மணி நேரமே ஆயிற்று.

நம் பக்கத்து வெப்ப நாடுகளின் காற்றையும் மழையையும் புயலையும் இப்படிக் கணக்கிடும் துறையில் பெரும் புகழ் பெற்றவர், சென்னையில் பிறந்த விஞ்ஞானி டி.என்.கிருஷ்ணமூர்த்தி. இவர் 1959-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு புளோரிடாவில் பேராசிரியராக இருந்துகொண்டு, கம்ப்யூட்டர் மூலம் புயலைக் கணிக்கும் முறைகளை வளர்த்தார். கஜா வந்த அதே 2018-ம் ஆண்டின் தொடக்கத்தில் காலமானார்.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் புனேயில் 'பிரத்யூஷ்' என்ற பெரிய கம்ப்யூட்டர் தொடங்கி வைக்கப்பட்டது. நொடிக்கு 4 ஆயிரம் லட்சம் கோடி கணக்குகள் போடும் ஆற்றல் அதற்கு உண்டு. 2024 செப்டம்பரில் 'அர்க்கா', 'அருணிகா' என்று அதைவிடப் பெரிய எந்திரங்களும் வந்துவிட்டன.

ஆனால் ஒன்று. எந்திரம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. "இதைப் பெருக்கு, இதைக் கூட்டு, இதை ஒதுக்கு" என்று வரி வரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக் கொடுப்பதுதான் புரோகிராம்.

அதை எழுதுவது யார்?

கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்தவருக்குக் காற்றின் விதி தெரியாது. காற்றின் விதி மட்டும் தெரிந்தவருக்கு எந்திரத்தின் போக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

"உங்கள் மகள் போக நினைக்கும் இடம் அதுதான், ஐயா" என்றேன்.

பெரியவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "இப்படி முன்னால் போனவர்கள் யாராவது உண்டா?" என்று கேட்டார்.

சென்னை தந்த முன்னோடி

உண்டு. இதற்கு வழிகாட்டியே நம் சென்னையில் பிறந்தவர்தான்.

அவர் பெயர் ஆர்.நரசிம்மன். பிறந்தது 1926-ல். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தார். பிறகு அமெரிக்கா போனார். அங்கே இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

கணித டாக்டர் என்றால் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நரசிம்மனோ, 1954-ல் பம்பாயில் இருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். ஹோமி பாபா தலைமை தாங்கிய நிலையம் அது. அங்கே இளைஞர்கள் சிலர் சேர்ந்து, இந்தியாவிலேயே ஒரு கம்ப்யூட்டரைச் செய்யும் வேலையில் இறங்கினார்கள். அதில் முன் நின்றவர் நரசிம்மன்.

1956-ல் சிறிய மாதிரி எந்திரம் ஓடியது. 1960 பிப்ரவரியில் முழு எந்திரமும் வேலைக்கு வந்தது. அதில் 2,700 வால்வுகள். பழைய வால்வு ரேடியோவில் ஒளிருமே, அதே மாதிரி வால்வுகள்! இவ்வளவு இருந்தும், இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதன் நினைவகத்தில் அடக்க முடியாது. 1962-ல் பிரதமர் நேரு அதற்கு 'டிப்ராக்' என்று பெயர் சூட்டினார்.

நரசிம்மன் அதோடு நிற்கவில்லை. 1961 முதல் 1964 வரை அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அணுவிலும் சிறிய துகள்கள் ஓடிய தடங்களைப் புகைப்படம் எடுத்து வைத்து இருந்தார்கள். அந்தப் படங்களைக் கண்ணால் பார்த்து ஆராய்வது என்றால், ஆட்களுக்கு மாளாத வேலை. படத்தைப் பார்த்துத் தடத்தைப் புரிந்துகொள்ள எந்திரத்துக்குக் கற்றுக் கொடுக்க முடியுமா என்று அவர் ஆராய்ந்தார். கம்ப்யூட்டர் படங்களைப் புரிந்துகொள்ளும் இன்றைய கலைக்கு அது ஓர் ஆரம்பம்.

கணிதம் படித்ததை அவர் விட்டுவிட்டாரா? இல்லை. அதை வேறு வயலில் விதைத்தார். 1977-ல் அரசாங்கம் அவருக்குப் 'பத்மஸ்ரீ' விருது கொடுத்தது.

'மாயாவி' பிறந்த கதை

'மாயாவி' என்றதும் நம்மில் பலருக்கு இரும்புக்கை மாயாவி நினைவுக்கு வருவார். இது வேறு மாயாவி.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு சென்னை ஐ.ஐ.டி.யில், விமானப் பொறியியல் பிரிவில் பிரபு ராமச்சந்திரன் என்ற மாணவர் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டு இருந்தார். காற்றும் நீரும் ஒரு பொருளைத் தாண்டி ஓடும்போது எப்படிச் சுழிக்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. வாய்க்காலில் நட்ட கம்பைத் தாண்டியதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகுமே, அந்த மாதிரிச் சுழிதான்.

கம்ப்யூட்டர் இந்தக் கணக்கைப் போட்டு, விடையை எண்களாகக் கொட்டும். ஆயிரக்கணக்கான எண்கள்! எண்ணைப் பார்த்தால் சுழி தெரியுமா? படமாகப் பார்த்தால் அல்லவா தெரியும்! எண்களைப் படமாக்கும் மென்பொருளை அவரே எழுதினார். அதற்கு 'மாயாவி' என்று பெயர் வைத்தார். 2001 ஆகஸ்டில், விமான விஞ்ஞானிகள் கூடிய கருத்தரங்கில் அதைப் பற்றிக் கட்டுரையும் அளித்தார்.

அவர் செய்த பெரிய காரியம் இன்னொன்று. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

பிறகு, விஞ்ஞான மென்பொருள் செய்யும் 'என்தாட்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆதரவோடு மாயாவி புது உருவம் பெற்றது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த காயல் வரோகோ என்பவரும் இதில் கைகொடுத்தார். அவரும் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, மென்பொருளுக்கு வந்தவர்தான்! பிரபு ராமச்சந்திரன் பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார். இலவச மென்பொருளை மாணவர்களுக்குக் கற்றுக் கொடுக்கும் பெரிய திட்டத்திலும் முக்கிய பங்கு ஏற்றார்.

பாருங்கள்! ஒருவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிப்பவர்கள் சிலராகவே இருப்பார்கள். அந்த ஆராய்ச்சிக்காக அவர் செய்த கருவியோ, பல நாடுகளில் பலருக்குப் பயன்பட்டது.

அமெரிக்காவில் ஜான் ஹன்டர் என்ற இளைஞர் மூளையைப் பற்றி ஆராய்ந்தார். காக்கை வலிப்பு நோயாளிகளின் மூளையில் எழும் மின் அலைகளை வரைந்து பார்க்க ஒரு மென்பொருள் எழுதினார். 'மேட்பிளாட்லிப்' என்பது அதன் பெயர். அவர் 2012-ல் காலமானார். 2019 ஏப்ரலில் கருந்துளையின் முதல் படத்தை உலகமே பார்த்ததே, அந்த ஆராய்ச்சியில் உதவிய இலவச மென்பொருள்களில் அவருடையதும் ஒன்று!

பத்தி மாறியதால் வந்த வினை

"சரி, தம்பி. புரோகிராம் எழுதுகிறவன் எழுதுகிறான். அதற்கு டாக்டர் பட்டம் எதற்கு?" என்று பெரியவர் விடாமல் கேட்டார். நல்ல கேள்வி.

கடையில் பில் போடும் புரோகிராம் தவறினால் உடனே தெரிந்துவிடும். கணக்கு உதைக்கும். விஞ்ஞானத்தில் அப்படி அல்ல. சரியான விடை என்ன என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. தெரியாததால்தானே கணக்கே போடுகிறோம்!

அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானி, உயிரணுவில் உள்ள ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டுபிடித்ததாக 2001-ல் அறிவித்தார். உலகம் புகழ்ந்தது. பிறகுதான் தவறு தெரிந்தது. அவர் பயன்படுத்திய புரோகிராம், எண்கள் இருந்த இரண்டு பத்திகளை இடம் மாற்றிவிட்டது. அதனால் இடது கால் செருப்பு வலது கால் செருப்பு ஆனதுபோல, உருவமே தலைகீழாகிவிட்டது. 2006-ல் ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. எத்தனை ஆண்டு உழைப்பு!

இன்னொன்று கேளுங்கள். 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கிரகத்துக்குப் போன அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்தது. காரணம், ஒரு குழு பவுண்டுக் கணக்கில் அளவு கொடுத்தது. இன்னொரு குழு அதை மெட்ரிக் கணக்கு என்று எண்ணிக்கொண்டது. படிக்கணக்கில் அளந்த நெல்லை மரக்கால் கணக்கு என்று எழுதினால் என்ன ஆகும்? அதே கதைதான்.

எழுத்துப் பிழை இல்லாத புரோகிராமும் தவறான விடையைத் தரும். "இந்தச் சுழி இப்படிச் சுழலாதே!" என்று விடையைப் பார்த்ததும் சந்தேகப்படுகிற கண் ஒன்று வேண்டும். அந்தக் கண் மூன்று மாதப் பயிற்சியில் வராது. ஆண்டுக்கணக்கில் ஆராய்ச்சியில் கிடந்து, பல முறை தோற்றவருக்கே வரும். ஐந்து வருஷம் எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் விடை.

நஷ்டமும் உண்டு

எல்லாம் லாபம் என்று சொன்னால் அது பொய்.

ஆராய்ச்சியில் கேள்வி உங்களுடையது. இந்த வேலையில் கேள்வி பெரும்பாலும் பிறருடையது. பிறர் கேட்ட கேள்விக்குக் கருவி செய்து கொடுக்கிறீர்கள். "என் விஷயத்தை விட்டுவிட்டேனே" என்ற ஏக்கம் சிலருக்குப் பல ஆண்டு இருக்கும்.

புகழும் குறைவு. கண்டுபிடித்தவர் பெயர் பத்திரிகையில் வரும். புரோகிராம் எழுதியவர் பெயர் பல நேரம் வராது. பல காலம் இந்த வேலைக்கு ஒரு பெயர்கூட இல்லை. 2012-ல் இங்கிலாந்தில் சிலர் கூடிப் பேசி, 'ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர்' என்று பெயர் வைத்தார்கள்.

பழக்கத்தையும் மாற்ற வேண்டும். ஆராய்ச்சி மாணவர் தனக்காக மட்டும் புரோகிராம் எழுதுவார். தனக்குப் புரிந்தால் போதும். மென்பொருள் பொறியாளர் எழுதுவது, அவர் முகத்தையே பார்க்காத இன்னொருவர் பத்து ஆண்டு கழித்துத் திறந்தாலும் புரிய வேண்டும். வீட்டுக்குச் சமைப்பதற்கும் கல்யாணத்துக்குச் சமைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

பிள்ளைகளுக்குச் சில யோசனைகள்

இந்த வழியில் போக நினைக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. ஆராய்ச்சி முடியும் தறுவாயில் இருந்தால், பட்டத்தை வாங்கிவிட்டே புறப்படுங்கள். கரை தெரியும்போது படகை விட்டு இறங்காதீர்கள்.

2. எழுதும் புரோகிராமில் எந்தத் தேதியில் எதை மாற்றினோம் என்று பதிவு வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடைக்காரர் பற்று வரவு எழுதவில்லையா? அதைப் போல. இதற்கென்றே 'கிட்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

3. விடை தெரிந்த சிறிய கணக்கை முதலில் கொடுத்துச் சோதியுங்கள். அது சரியாக வந்த பிறகே விடை தெரியாத கணக்கைக் கொடுங்கள்.

4. நீங்கள் செய்த கருவி பிறருக்கும் பயன்படும் என்றால், இலவசமாக வெளியிடுங்கள். நாளைக்கு வேலைக்குப் போகும்போது அதுவே உங்களுக்குச் சாட்சி.

5. இங்கிலீஷ் தடங்கலாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுட்டோரியல்' திட்டத்தில், தமிழிலேயே பேசும் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கந்தர்வக்கோட்டையில் இருந்துகொண்டே செல்போனில் பார்க்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகைக்குத் தேறும் ஆராய்ச்சி மாணவருக்கு 2023 முதல் தொடக்கத்தில் மாதம் 37 ஆயிரம் ரூபாய் தரப்படுகிறது. அந்தத் தேர்வை முதலிலேயே எழுதினால், தோப்பை ஒத்தி வைக்கும் நிலை பலருக்கு வராது.

முந்திரிப் பருப்பு

நான் சொல்லி முடித்தேன். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"பக்கத்தில் ஆதனக்கோட்டையில் முந்திரி வறுக்கிறார்களே, பார்த்து இருக்கிறீர்களா, தம்பி? கொட்டையை யார் வேண்டுமானாலும் தட்டி உடைக்கலாம். பருப்பு முழுசாக வர வேண்டும் என்றால், கை பழகி இருக்க வேண்டும். எத்தனை கொட்டையை உடைத்துப் பாழாக்கிய பிறகு அந்தக் கை வருகிறது தெரியுமா? என் மகள் அஞ்சு வருஷமாகக் கை பழகி இருக்கிறாள் என்கிறீர்கள்."

நான் இவ்வளவு நேரம் சொன்னதை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டார்!

தஞ்சாவூர் பஸ் வந்து நின்றது. நான் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். பெரியவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். பஸ் புறப்படும் இரைச்சலிலும் அவர் குரல் தெளிவாகக் கேட்டது:

"நீ சொன்ன வேலைக்கே போ, அம்மா. ஆனால் பட்டத்தை வாங்கிவிட்டுப் போ!"